கேபினை விட்டு இறங்கி வா

அன்புள்ள தம்பிக்கு,

முதன்முறையாக ஒரு தியேட்டரில் டிஜிட்டல் புரொஜெக்டரைத் தனியாளாக நிறுத்தி முடித்துவிட்டாய் என்றும், நாளைக் காலைக் காட்சிக்கே படம் போட்டாக வேண்டும் என்று முதலாளி அவசரப்படுகிறார் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் யந்திரம் ஓடுவது வேறு, படம் தெரிவது வேறு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒரு ராத்திரி வேலையைப் பற்றி, கார்பன் குச்சி காலத்திலிருந்தே கேபினில் வெந்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

லாம்பை ஏற்றியதும் ஒளி அளக்கும் மீட்டரை எடுக்காதே. அரைமணி நேரமாவது எரியவிட்டு, பிரகாசம் ஒரு நிலைக்கு வந்தபின் வேலையைத் தொடங்கு. (ஸெனான் லாம்பு குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே கடும் அழுத்தம் உண்டு. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடுவது தைரியமல்ல, மூடத்தனம்.) கேபின் உயரத்தில் இருப்பதால் படத்தின் விளிம்பு சற்றுச் சரிந்து விழுந்தால், அதைக் கறுப்பு மறைப்புத் துணிக்குள் அடக்கிவிடு, மென்பொருளால் நிமிர்த்தப் போனால் புள்ளிகள் கலங்கி எழுத்துக்களின் கூர்மை கெடும்.

இனி முக்கிய விஷயம். மீட்டரை எடுத்துக்கொண்டு கேபினை விட்டு இறங்கி, அரங்கின் நடுவே, காசு கொடுத்தவன் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து அள. திரையின் மையத்தில் வெள்ளை சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா, அதாவது பழைய கணக்கில் 14 ஃபுட்லாம்பர்ட் இருக்க வேண்டும். ஓரங்களில் அதில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என நான்கையும் தனித்தனியே அளந்து அந்த எண்களை யந்திரத்துக்குக் கொடுத்தால், மீதிக் கணக்கை அதுவே போட்டு, வெள்ளையை எக்ஸ் 0.314, ஒய் 0.351 என்ற நிறப் பிரமாணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். டெலிவிஷன் பார்த்துப் பழகிய முதலாளி, "இன்னும் கொஞ்சம் பளிச்சென்று நீலமாக வை" என்பார். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எண்களை அப்படியே விட்டுவிடு. ஒளிப்பதிவாளரும் வர்ணம் திருத்துபவரும் டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) அறையில் நாள்கணக்கில் உட்கார்ந்து நிர்ணயித்தது இதே வெள்ளையை வைத்துத்தான்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபின் நாற்காலியிலிருந்து அளக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு சிற்றூரில், கேபின் ஜன்னலுக்குக் கண்ணாடி வந்து சேராத நிலையில், திறந்த ஓட்டை வழியாகவே ஒளியை விட்டு எல்லாவற்றையும் சுத்தமாக அளந்து முடித்து, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஊர் திரும்பினேன். பத்தே நாளில், கதாநாயகியின் வெள்ளைப் புடவை பாசி பிடித்ததுபோல் தெரிகிறது என்று புகார். யந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளூர்த் தச்சர், கடையில் கிடைத்த தடித்த ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தியிருந்தார். கழற்றி அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் வாழைக்குருத்துப்போல் பச்சை. சாதாரணக் கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பின் குணம் அது. நிறமற்ற கண்ணாடி வரவழைத்து மாட்டி, முதலிலிருந்து அளந்தேன்; போக்குவரத்துச் செலவு என்னுடையது. கண்ணாடி, கண்ணாடியில் படிந்த தூசி, திரையின் வயது, வாசல் விளக்கின் கசிவு ஆகிய எல்லாவற்றையும் கடந்து வந்து சேரும் ஒளிதான் ரசிகனுக்குக் கிடைப்பது என்பதால், நீ அளக்க வேண்டியதும் அதை மட்டுந்தான்.

முப்பரிமாணப் படத்துக்கென்று போட்ட வெள்ளித் திரையாக இருந்தால் ஓர நாற்காலிகளிலும் உட்கார்ந்து பார். நடுவில் பளபளக்கும் படம் அங்கே மங்கிவிடும். அந்தக் குறையை மீட்டரால் தீர்க்க முடியாது, முதலாளியிடம் சொல்ல மட்டுமே முடியும்.

லாம்பு நாளாக நாளாக மங்கும். ஆகையால் புது லாம்பைக் குறைந்த கரண்டில் வைத்தே 14-ஐ எட்டிவிட்டு, பின்னால் ஏற்றிக்கொள்ள இடம் விட்டு வை. மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க அந்த அளவுக்கும் கீழே இறக்குபவர்களிடம் எனக்குத் தீராத மனஸ்தாபம் உண்டு.

கடைசியாக, எடுத்த அளவுகளையெல்லாம் தேதியும் லாம்பு ஓடிய மணிக்கணக்கும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, கேபின் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வா. அடுத்த லாம்பு மாற்றும் அன்று ஆப்பரேட்டருக்கு அது தேவைப்படும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்