வெயில் ஊரில் கொக்கிப் பின்னல்

பின்வரும் பனுவலை வாசித்து, அதனைத் தொடர்ந்து வரும் நடவடிக்கைகளைச் செய்க.

ஒரு கொக்கி ஊசியும் ஓர் உருண்டை நூலும் இருந்தால் போதும். குரோஷே பின்னலைத் தொடங்கிவிடலாம். நூலில் ஒரு வளையம் போட்டு, அதன் வழியே கொக்கியால் அடுத்த வளையத்தை இழுக்கும்போது ஒரு கண்ணி உருவாகிறது. கண்ணிகள் தொடர்ந்தால் சங்கிலி; சங்கிலியின் மேல் வரிசை வரிசையாகப் பின்னினால் துணி. தவறு நேர்ந்தால் நூலை உருவிவிட்டு மீண்டும் பின்னலாம். அதனால், புதிதாகக் கைவேலை கற்போருக்கு இது மிகவும் ஏற்றது.

ஆயினும், ஆர்வத்துடன் தொடங்குவோரில் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர். “கை வேர்க்கிறது, நூல் கொக்கியில் வழுக்காமல் ஒட்டிக்கொள்கிறது, மடியில் கிடக்கும் போர்வை வெந்நீர்ப் பை போல் சுடுகிறது” என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இது குளிர்நாட்டுக் கலை, நம் ஊருக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கும் வந்துவிடுகின்றனர். இந்த முடிவு சரியானதா?

வெப்பமான ஊரில் வளர்ந்த கலை

இந்தியாவின் ஆந்திரப் பிரதேச மாநிலத்தில், கோதாவரி ஆறு கடலில் கலக்கும் சமவெளியில் நரசாப்பூர் என்னும் ஊர் உள்ளது. கடலுக்கு அருகில் இருப்பதால் அங்குக் காற்றில் ஈரம் மிகுதி. கோடையிலோ வெப்பம் கடுமை. அத்தகைய ஊரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பெண்கள் 19ஆம் நூற்றாண்டு முதல் தலைமுறை தலைமுறையாகக் குரோஷே லேஸ் பின்னி வருகின்றனர். கிறித்துவச் சமயப் பணியாளர்கள் வழி அறிமுகமான இக்கலை, பின்னர் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாக வளர்ந்தது. நரசாப்பூர் குரோஷே லேஸ் 2024ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீட்டையும் பெற்றது.

அங்குள்ள பெண்கள் கம்பளி நூலைக் கொண்டு கனத்த போர்வை பின்னவில்லை. மெல்லிய பருத்தி நூலில், துளைகள் நிறைந்த லேஸைப் பின்னினர். ஆகவே, வெயில் இக்கலைக்குத் தடையாக இருக்கவில்லை. குளிர்நாட்டினர் தங்கள் தேவைக்காக வகுத்த நூலையும் வடிவத்தையும் அப்படியே பின்பற்றுவதால்தான் நமக்குச் சிரமம் ஏற்படுகிறது. எந்த நூல், எந்த அளவு, எந்த நேரம் ஆகிய மூன்றையும் நம் ஊருக்கேற்ப மாற்றிக்கொண்டால் அச்சிரமம் பெரிதும் குறையும்.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

நம் உடல் வியர்வையின் மூலம் குளிர்கிறது. வியர்வை ஆவியாகும்போது தோலிலுள்ள வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கை எப்போதும் பிசுபிசுப்பதற்கு இதுவே காரணம்.

கம்பளி இழைகள் சுருள் சுருளாக இருப்பதால் அவற்றின் இடையே காற்று தங்குகிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர்காலத்தில் இது நன்மை; நமக்கோ சுமை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் செயற்கை இழையால் ஆனது. இது ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆய்வுக்கூடங்களில் பின்பற்றப்படும் பொது அளவின்படி, 100 கிராம் உலர்ந்த பருத்தி காற்றிலிருந்து ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை ஏற்கும். அதே எடையுள்ள அக்ரிலிக் 1 முதல் 2 கிராம் வரைதான் ஏற்கும். எனவே, அக்ரிலிக் நூலில் பின்னும்போது வியர்வை விரலுக்கும் நூலுக்கும் இடையிலேயே தங்கிவிடுகிறது.

வெயில் காலத்திற்குப் பருத்தியும் லினனும் ஏற்றவை. ஆனால், பருத்தியிலும் ஒரு குறை உண்டு. கம்பளியைப் போல் அது இழுபடாது. இறுக்கமாகப் பின்னினால் விரல்களும் மணிக்கட்டும் விரைவில் வலிக்கும். இதைத் தவிர்க்க, வழக்கமான அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிய கொக்கியைப் பயன்படுத்தலாம். கண்ணிகள் தளர்வாக அமையும். கொக்கியும் எளிதில் நுழையும்.

சிறியதாகத் தொடங்குதல்

புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, அகலக் கால் வைப்பது. முதல் முயற்சியே கட்டில் போர்வையாக இருந்தால், அது வளர வளர மடியை மூடிக்கொள்ளும். பின்னுபவர் போர்வையைப் போர்த்திக்கொண்டே பின்னுவது போன்ற நிலை ஏற்படும்.

இதற்கான தீர்வை அயர்லாந்து நாட்டின் வரலாற்றில் காணலாம். 1845ஆம் ஆண்டில் அங்கு உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. அப்போது கன்னிமாடங்களில் வாழ்ந்த அருட்சகோதரிகளும் பிறரும் ஏழைப் பெண்களுக்கு மெல்லிய நூலில் குரோஷே லேஸ் பின்னக் கற்றுத் தந்தனர். அவர்கள் ரோஜா, இலை போன்ற சிறு உருக்களைத் தனித்தனியே பின்னினர். பின்னர், அவற்றை வலைப் பின்னலால் இணைத்துக் கழுத்துப்பட்டை, மேலாடை போன்றவற்றை உருவாக்கினர். அந்த லேஸை விற்றுக் கிடைத்த பணம் பல குடும்பங்களின் பசியைப் போக்கியது.

சிறு துண்டுகளாகப் பின்னி இணைக்கும் இம்முறை நமக்கும் பொருந்தும். உள்ளங்கை அளவுள்ள ஒரு சதுரம் மடியைச் சுடாது. பள்ளிப் பையிலும் அடங்கும். நாளுக்கு ஒன்றாகப் பின்னினாலும் இரண்டு மாதங்களில் அறுபது சதுரங்கள் சேர்ந்துவிடும். ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பது இதற்கும் பொருந்துமன்றோ?

கோப்பை விரிப்பு, புத்தக அடையாளக் குறி, சந்தைக்கு எடுத்துச் செல்லும் வலைப் பை ஆகியவை தொடக்க முயற்சிக்கு ஏற்ற பொருள்கள். வலைப் பின்னலில் கண்ணிகளுக்கு இடையே இடைவெளி அதிகம். அதனால், நூலும் குறைவாகச் செலவாகும். வேலையும் விரைவில் முடியும்.

நேரமும் இடமும்

நம் நாட்டில் பெரும்பாலான நாள்களில் பிற்பகலே மிகவும் வெப்பமான வேளையாகும். ஆகவே, காலையிலோ இரவு உணவிற்குப் பிறகோ பின்னுவது நல்லது. மின்விசிறி பக்கவாட்டிலிருந்து கைகளின் மீது வீசும்படி அமர வேண்டும். நூல் உருண்டையை ஓர் ஆழமான கிண்ணத்தில் வைத்தால் அது காற்றில் உருண்டு ஓடாது. மடிக்குப் பதிலாக மேசை மீது வேலையை வைத்துக்கொள்ளலாம். அல்லது மடியில் ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்ளலாம்.

பின்னத் தொடங்குமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி நன்கு துடைக்க வேண்டும். கையில் களிம்பு தடவியிருந்தால் நூலில் கறை படியும். அருகில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும். கொக்கியின் பிடியை அவ்வப்போது துடைத்துக்கொண்டால் அது வழுக்காது. அரை மணி நேரத்திற்கு ஒருமுறை வேலையை வைத்துவிட்டு, விரல்களை விரித்து மடக்கி, நீர் அருந்த வேண்டும். தலைவலியோ தலைச்சுற்றலோ ஏற்பட்டால் ‘இன்னும் ஒரு வரிசைதான்’ என்று தொடரக்கூடாது. உடனே நிறுத்திவிட்டுக் குளிர்ந்த இடத்தில் ஓய்வெடுக்க வேண்டும். பெரியவர்களிடமும் தெரிவிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும், வியர்வை ஈரம் பட்ட பின்னலை உடனே நெகிழிப் பையில் கட்டி வைக்கக்கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளிகள் தோன்றும். நிழலில் சற்று நேரம் உலர்த்தியபின் துணிப் பையில் வைப்பதே சிறப்பு.

பிற நாட்டிலிருந்து வரும் எந்தக் கலையையும் கற்கும்போது, அது எந்தச் சூழலுக்காக உருவானது என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, நம் சூழலுக்கு எதை மாற்றலாம் என்று சிந்திக்க வேண்டும். நரசாப்பூர்ப் பெண்களின் கைகளில் குரோஷே அந்த ஊரின் கலையாகவே மாறியது. நம் கைகளிலும் அது நம் ஊர்க் கலையாக மலரலாம்.

அருஞ்சொற்பொருள்

கண்ணி – பின்னலில் உருவாகும் வளையம்
புவிசார் குறியீடு – ஒரு பொருள் குறிப்பிட்ட ஊருக்கே உரியது என்பதற்கான சட்டப்பூர்வ அடையாளம்
அகலக் கால் வைத்தல் – தன் ஆற்றலுக்கு மிஞ்சிய செயலில் இறங்குதல்
பூஞ்சணம் – ஈரத்தில் வளரும் பூஞ்சைப் படலம்

நடவடிக்கை 1: கருத்துணர் வினாக்கள்

1. குரோஷே பின்னல் புதிதாகக் கைவேலை கற்போருக்கு ஏற்றதாக இருப்பது ஏன்?
2. ‘இது குளிர்நாட்டுக் கலை’ என்னும் கருத்தை மறுக்க, பனுவலில் காட்டப்படும் சான்று யாது?
3. அக்ரிலிக் நூலில் பின்னும்போது கை பிசுபிசுப்பதற்கான காரணத்தை விளக்குக.
4. அயர்லாந்துப் பெண்களின் பின்னல் முறை வெப்பமான ஊரில் வாழ்வோருக்கு எவ்வாறு பயன்படும்?
5. பருத்தி நூலின் ஒரு நிறையையும் ஒரு குறையையும் எழுதுக.

நடவடிக்கை 2: கலந்துரையாடல்

வெளிநாட்டிலிருந்து வந்து, நம் நாட்டின் வெப்பநிலைக்கேற்ப மாற்றம் பெற்ற உடை, உணவு அல்லது கட்டடம் ஒன்றைத் தெரிவு செய்க. அதில் எது மாறியது, ஏன் மாறியது என்பதைக் குழுவில் கலந்துரையாடி வகுப்பில் படைத்திடுக.