கைத்தொழில் பாடம்: தோல் பிரேஸ்லட்டுக்கு எந்த நூல்?



கொழுந்துக் கூடை எவ்வளவு புதுசா இருந்தாலும், கயிறு அறுந்தா அன்றைக்குப் பறித்த கொழுந்து மலைச்சரிவிலதான். மணி கோத்த தோல் பிரேஸ்லட்டும் அப்படித்தான். போன வருஷம் நமது மகளிர் குழு நாற்பது பிரேஸ்லட் செய்து, உல்லாசப் பயணிகள் வருகிற ஒரு கடைக்குக் கொடுத்தது. இரண்டு மாதத்துக்குள் பதினொன்று திரும்பி வந்தது. தோலுக்கு ஒன்றுமில்லை, மணிக்கும் ஒன்றுமில்லை. நூல்தான் அறுந்திருந்தது. கடைக்காரர் அந்தப் பதினொன்றுக்கு மட்டுமல்ல, மிச்சத்துக்கும் காசைப் பிடித்து வைத்துவிட்டார். அந்தக் காசில் பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கலாமென்று இருந்தவர்களும் குழுவில் உண்டு. தையல் நூலே போதுமென்று சொன்னது நாங்கள்தான். ஆகவே இந்தப் பாடத்தை எழுதுகிற கடமையும் எங்களுடையதே.

முதலில் வேலை எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். தோல் வாரை இரண்டாக மடித்து, மடிப்பில் பொத்தான் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் விடுகிறோம். இரண்டு வாருக்கும் நடுவில் மணியை வைக்கிறோம். ஊசி மணிக்குள் போய், வாரைச் சுற்றி, அதே மணிக்குள் திரும்பி வருகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு மணிக்குள்ளும் நூல் இரண்டு தரம் போகிறது. கையை ஆட்டுகிற நேரமெல்லாம் மணித்துளையின் விளிம்பு நூலை அராவிக்கொண்டே இருக்கும். மலிவான கண்ணாடி மணியின் விளிம்பு பிளேடு மாதிரி. போதாததற்கு வியர்வை, சவர்க்காரம், நம் பக்கத்துப் பனி. பருத்தி நூல் இதையெல்லாம் குடித்துவிட்டுக் காயாமலே கிடந்து இற்றுப்போகும்.

கடந்த ஆவணியில், குழுவில் உள்ள ஒரு அக்காவின் சித்தப்பா வீட்டுக் கலியாணத்துக்காக மன்னார் மாவட்டம் வெள்ளாங்குளத்துக்குப் போயிருந்தோம். மன்னார் - பூநகரி வீதியில், முழங்காவிலுக்குக் கிட்ட உள்ள ஊர். 1977 வன்செயலுக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிப் பக்கம் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2008இல் சண்டை அந்தப் பக்கம் வந்தபோது அங்கிருந்தும் ஓடி, பிறகு திரும்பி வந்தவர்கள். லயத்தில் பிறந்த மனுஷன், தேவன்பிட்டிக் கரையில் கிழிந்த வலை பின்னுகிற ஆளாகிவிட்டார்.

அறுந்த பிரேஸ்லட் ஒன்றை அக்கா அவரிடம் காட்டினார். நூலை நகத்தால் நிமிண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிள்ள, இது சட்டை தைக்கிற நூல். வலைக்கு நூல் எடுக்கிறப்ப நாங்க மூணு விஷயம் பாப்போம். நனைஞ்சா என்ன ஆகும், வெயில்ல கெடந்தா என்ன ஆகும், முடிச்சு நிக்குமா. உங்க வேலைக்கும் அதையே பாத்துக்க" என்றார்.

அவர் சொன்ன மூன்றையும் வைத்துக் கடையில் கிடைக்கிற நூல்களைப் பார்ப்போம். தங்கூசி நனைவதற்கு அஞ்சாது, பலமும் உண்டு. ஆனால் ஒற்றை இழை என்பதால் விறைப்பு. சுருண்ட வாக்கிலேயே நிற்கும், முடிச்சு வழுக்கிக் கழன்றுவிடும், வெயிலில் நாள்பட்டால் மொறுமொறுவென்று ஒடியும். (தங்கூசி வலைக்கு நாட்டில் தடை இருப்பது மீன்வளத்தைக் காக்க; அது வேறு கதை.) இறப்பர் நூல் பிள்ளைகளின் விளையாட்டு மாலைக்குச் சரி, விற்கிற பொருளுக்கு வேண்டாம். சில மாதத்தில் தொய்ந்துவிடும்.

பல இழை முறுக்கிய நைலோன் வலை நூல் நல்லது. முடிச்சு இறுகும், உராய்வையும் தாங்கும். கடையில் 210/2, 210/3 என்று சொல்வார்கள். 210 என்பது டெனியர் கணக்கு, அதாவது 9000 மீற்றர் நீள இழையின் எடை 210 கிராம். பின்னால் உள்ள இலக்கம் எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பதைக் காட்டும். நமது 4 மி.மீ. மணிக்கு 210/2 போதும். தடித்த நூல்தான் பலமென்று 210/6 வாங்கி வந்தால் இரண்டாம் தரம் ஊசி போகாது. பலாத்காரமாக இழுத்தால் மணி வெடிக்கும். நைலோனில் ஒரு குறை, நனைந்தால் கொஞ்சம் நீளும். நாள்பட மணிக்கு இடையில் சந்து விழலாம். அதனால் கோக்கும் முன் நூலை நன்றாக இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் கணிப்பில் முதலிடம் சப்பாத்துத் தைக்கிறவர்கள் பாவிக்கும் மெழுகு பூசிய பொலியெஸ்டர் நூலுக்குத்தான். தண்ணீரை உறிஞ்சாது, நைலோன் அளவுக்கு நீளாது, வெயிலையும் அதைவிட நன்றாகத் தாங்கும். அதிலும் மெல்லியதைக் கேட்டு வாங்குங்கள். மெழுகு இல்லாத நூல் என்றால் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்தால் போதும்.

திரும்பும் வழியில் திருக்கேதீஸ்வரத்தில் இறங்கிக் கும்பிட்டோம். பக்கத்தில்தான் பழைய மாந்தைத் துறைமுகம். 1980 முதல் 1984 வரை அங்கே நடந்த அகழ்வில் பழங்காலத்து மணிகள் நிறையக் கிடைத்தன. மண்ணுக்குள் மணி எத்தனையோ நூற்றாண்டு நிற்கும், கோத்த நூல் நிற்காது. அங்கே நின்றபோது எங்களுக்குத் திரும்பி வந்த பதினொன்றுதான் ஞாபகம்.

நூல் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு துண்டு நுனியை நெருப்புக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும். நைலோனும் பொலியெஸ்டரும் உருகிக் கட்டியாகும். சாய நூலை ஈரவெள்ளைத் துணியில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வாங்குகிறவர் கையிலும் ஒட்டும். பிறகு பத்து மணி மட்டும் கோத்து முடிச்சுப் போட்டு, ஓர் இரவு உப்புத்தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் இழுத்துப் பாருங்கள். இது சித்தப்பாவின் யோசனை. நாற்பது செய்த பிறகு அறுவதைவிடப் பத்து மணியில் அறுவது மேல்.

ஒரேயடியாக நீள நூல் எடுத்தால் சிக்கும். ஒரு பாகம் எடுத்து, முடிந்தால் அடுத்ததை வாரின் மறைவில் முடிச்சிட்டுச் சேருங்கள். முடிச்சு இரட்டையாக இருக்கட்டும். நுனியை ஒட்ட வெட்டாமல் இரண்டு மணிக்குள் திரும்ப ஓட்டி வெட்டவும். நெருப்பில் நுனியைச் சுடுவதானால் தோல் கருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு வார் கருகிற்று.

மெழுகு நூல் இரண்டு றீலும் 210/2 ஒரு றீலும் வாங்கி நலன்புரி அறையில் வைத்திருக்கிறோம். திரும்பி வந்த பதினொன்றையும் வருகிற ஞாயிறு பின்நேரம் பிரித்து மறுபடி கோக்கப் போகிறோம். வருகிறவர்கள் மெல்லிய ஊசி கொண்டு வரவும்.