கண்ணெட்டாத வேலைக்குத் தலைமை

தூத்துக்குடி

அன்பு மகளே,

கப்பல் ஏஜென்சியின் வேலை மொத்தத்தையும் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னான். மனம் நிறைந்த வாழ்த்து. நீ எழுதிக் கேட்ட கேள்வியைச் சில நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் ஆட்களில் பாதிப்பேர் சென்னையிலும் திருநெல்வேலியிலும் வீட்டில் இருந்தபடி ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி வேலைகளைப் பார்க்கிறார்கள். மீதிப்பேர் இங்கே துறைமுகத்தில் கன்டெய்னரோடும் லாரிக்காரர்களோடும் நிற்கிறார்கள். எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொல்வதா, அல்லது உன் மேலிடத்தில் சிலர் சொல்வதுபோல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் கண்காணிப்பு மென்பொருள் போடுவதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைவரின் கண்ணில் படாத இடத்தில் வேலை நடப்பது கொரோனாவோடு வந்த புதுமை என்று பலரும் பேசுகிறார்கள். நம் கரைக்கு அது பல நூற்றாண்டுப் பழக்கம். முத்துக்குளிப்பில் வேலை முழுவதும் கடலடியில்தான். குளியாளி கல்லின் கனத்தில் இறங்குவார், ஒரு நிமிடம் முன்பின் சிப்பி பொறுக்குவார், கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் இழுத்துவிட வேண்டும். கீழே அவர் சுறுசுறுப்பாகப் பொறுக்குகிறாரா, சும்மா நிற்கிறாரா என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. கயிறு அசைந்தால் அந்தக் கணமே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்து அவன் கண்ணயர மாட்டான் என்று இங்கே சொல்லிவருவது உனக்கும் தெரியும். எல்லாப் படகிலும் அப்படித்தான் நடந்ததா என்பது வேறு பேச்சு. ஆழத்தில் இருப்பவருக்கு ஒன்று ஆனால் மேலே இருப்பவர் வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைத்தார்களே, அந்த நினைப்பைத்தான் நீ பிடித்துக்கொள்ள வேண்டும்.

கூலியும் அதற்கேற்றபடி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த முத்துச் சலாபங்களில் குளியாளிக்கு நாள் சம்பளம் கிடையாது. கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கை ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுறா விஷயம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனதைக் குறிப்பிடுகிறார். பின்னாளில் வெள்ளைக்கார அரசே பணம் கொடுத்து அப்படிப்பட்ட ‘கடல்கட்டி’யை அமர்த்தியது. அந்த அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர் இல்லாமல் குளியாளிகள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பது தெரிந்திருந்தது. கீழே போகிறவரின் பயத்தைப் பொருட்படுத்தாமல் மேலே இருப்பவர் வேலை வாங்க முடியாது என்பதை அந்த அரசே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்ட அரசு அது. முகாம்களில் காலரா வந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வயதாவதற்கு முன்பே காது கெட்டவர்களும் உண்டு. திருட்டும் இருந்தது. படகிலேயே சிப்பியைத் திறந்து முத்தை எடுத்துவிடுகிறார்கள் என்ற புகார் வந்ததும், படகில் காவலாளை ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் புகார் ஓயவில்லை. காவலாள் படகுத் தட்டைப் பார்த்தான், வேலை கடலடியில் நடந்தது. உன் மேலிடம் வாங்கச் சொல்லும் மென்பொருளும் அந்தக் காவலாள் செய்ததைத்தான் செய்யும். விசைப்பலகை எத்தனை முறை அழுந்தியது, மவுஸ் எத்தனை நிமிடம் அசையாமல் கிடந்தது என்று எண்ணித் தரும். ஒரு பில்லில் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ். கோடு சரியாகப் போட்டிருக்கிறதா, சந்தேகம் வந்தபோது அந்தப் பெண் யாரிடம் கேட்டாள், கேட்டதற்குப் பதில் கிடைத்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அப்படியானால் எல்லாரையும் ஓரிடத்துக்கு வரச் சொன்னால் போதுமே என்பார்கள். அதற்கும் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஹார்வியின் கோரல் மில்லில் தொழிலாளர்கள் ஒரே கூரையின் கீழ், மேற்பார்வையாளர்களின் கண்ணெதிரே வேலை செய்தார்கள். மில் நிர்வாகமும் அதே ஊரில்தான் இருந்தது. தூரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் 1908 பிப்ரவரி 27 அன்று அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வேண்டும் என்பது ஒரே நாளில் முளைத்த ஆசையாக இருக்க முடியாது. தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மில்லுக்குள் இல்லை, கடற்கரைக் கூட்டங்களில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் நம்பியது அவர்களை. சுமார் பத்து நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார் என்பதும் இந்தக் கதையின் பகுதி. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டே காது கேளாமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா, அம்மா?

இன்றைய ஆய்வுகளும் தூரத்தை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. சீனாவின் சிட்ரிப் நிறுவனத்தில் ஆய்வாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் சோதனை நடத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்த கால் சென்டர் ஊழியர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் மதிப்பீடு கெடவில்லை, விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தொடங்கும்போது உற்பத்தி குறையும் என்று சொன்ன மேலாளர்கள் முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். முதல் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது, அதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. வீட்டிலிருந்தவர்கள் அதே தரத்தில் வேலை செய்தும் பதவி உயர்வில் பின்தங்கினார்கள். அவர்களுடைய உழைப்பு குறையவில்லை, மேலிருப்பவர்களின் ஞாபகத்தில் அவர்கள் இல்லாமல் போயிருக்கலாம்.

ஆபீஸ் வேண்டும் என்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். எமானுவேல், ஹாரிங்டன், பாலைஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். குழுவோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, அவர்கள் வேலையைத் திருத்திச் சொல்லும் குறிப்புகள் 22 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தன. கூடுதல் பயன் இளையவர்களுக்கு. விலை கொடுத்தவர்கள் மூத்தவர்கள், அவர்களுடைய சொந்த வேலை குறைந்தது. நம் தொழிலிலும் படிப்பு காகிதத்தில் இல்லை. எந்தச் சரக்குக்கு எந்தச் சான்றிதழ் தாமதமாகும், எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதினால் அதிகாரி ஏற்றுக்கொள்வார் என்பதைப் புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்வான். ஆகவே முதல் ஓராண்டில் இருப்பவர்களையும் அவர்களுக்குக் கற்றுத்தரத் தக்கவர்களையும் வாரத்தில் சில நாள் ஒன்றாக வரவழை. எதற்காக வரச் சொல்கிறாய் என்று வெளிப்படையாகச் சொல். கற்றுக்கொடுக்கும் நேரத்தை மூத்தவரின் வேலைக் கணக்கில் சேர்த்துக்கொள். இல்லாவிட்டால் ஆபீசுக்கு வந்தும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் பில்களைத்தான் முடிப்பார், பையன் தனியாகவே உட்கார்ந்திருப்பான். பெரிய நிறுவனமான டி.சி.எஸ்.கூட இதில் இரு முனைக்கும் போயிருக்கிறது: 2020இல், 2025க்குள் கால்வாசிப் பேர் ஆபீசில் இருந்தால் போதும் என்றது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் நீ யோசிக்க நிறைய இடம் இருக்கிறது.

நீ கேட்காத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை. வீட்டிலிருந்து வேலை என்ற விவாதம் முழுவதும் வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர்களைப் பற்றியே நடக்கிறது. வார்ஃபில் சரக்கை எண்ணிக்கொண்டு நிற்கும் டேலி கிளார்க்குக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. 2020 ஊரடங்கிலும் துறைமுகம் மூடவில்லை, அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபருக்குள் சுங்கத்துறை நாடு முழுவதும் முகமற்ற மதிப்பீட்டுக்கு மாறியது. இங்கே இறங்கும் சரக்கின் பில்லை எங்கோ ஓர் ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கிறார். ஆளைப் பார்த்துச் சலுகை காட்டுவது குறையும் என்பதால் அது நல்ல மாற்றம்தான். ஆனாலும் சுங்க நிலையங்களில் துரந்த் சுவிதா கேந்திரா என்று உதவி மையம் ஒன்றையும் திறந்தார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வேலை நடந்தாலும், சரக்கு நிற்கும் இடத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. உன் நிறுவனத்தில் அந்த ஆள் யார்? சென்னையில் ஒருவர் ஒரு மெயிலுக்கு மாலைவரை பதில் போடாவிட்டால், தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏறுவதையும் லாரி டிரைவரின் வசவையும் தாங்குவது இங்கே வெயிலில் நிற்பவர்தான். தாமதம் ஓரிடத்தில், தண்டனை வேறிடத்தில் என்று இருக்கும்வரை இரு தரப்புக்கும் பொதுவான வேலைப் பண்பாடு உருவாகாது. ஆகவே மவுஸ் அசைவை எண்ணுவதை விட்டுவிட்டு, துறைமுகத்திலிருந்து வந்த கேள்விக்கு எத்தனை நிமிடத்தில் பதில் போனது என்பதை எண்ணு. உன்னிடம் வந்த கேள்விகளையும் அதே கணக்கில் சேர்.

ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்களே என்று உன் மேலிடம் கேட்கும். இருப்பார்கள். 2022இல் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியது. தவறு செய்தவரை அழைத்து விசாரி, நிரூபணமானால் வெளியே அனுப்பு. அதற்காக மற்ற எல்லார் வீட்டுக்குள்ளும் காவலாளை ஏற்றாதே. சந்தேகத்தோடு நடத்தப்படுகிறவர் தன் பிழையை மறைப்பார், நம் தொழிலில் மறைத்த பிழை அபராதமாகத்தான் வெளியே வரும்.

உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் மாதத்திலேயே ராத்திரி ஷிப்டில் இரண்டு மூன்று நாள் துறைமுகத்துக்கு வா. சென்னை ஆட்களையும் முறைவைத்து அழைத்து வா, தாங்கள் போடும் பில் எங்கே போய் நிற்கிறது என்று அவர்களும் பார்க்கட்டும். மார்ச்சில் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், வார்ஃபில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
உன் பெரியப்பா