சுவர் பேசும் எழுத்து

பள்ளிவாசல், மதரஸா, சங்க மண்டபம் முதலிய பொதுக் கட்டடங்களை எழுப்பும்போது, தூணைப் பற்றியும் மினாராவைப் பற்றியும் மாதக்கணக்கில் ஆலோசிக்கிறோம். முகப்பில் எழுத வேண்டிய எழுத்தோ, திறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில்தான் நம் நினைவுக்கு வருகிறது. மிஞ்சிய இடத்தில் அதை அடக்கிவிடுகிறோம். சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பவருக்கு அது வெறும் கோடாகத் தெரிகிறது. முற்காலக் கட்டடக் கலைஞர்கள் எழுத்தைக் கட்டடத்தின் ஓர் உறுப்பாகவே கருதினார்கள். அதற்கு மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஈரானிலுள்ள கும்பதே காபூஸ். ஹிஜ்ரி 397-ல் (கி.பி. 1006-07) செங்கல்லால் கட்டப்பட்ட இந்த அடக்கத்தலக் கோபுரம் சுமார் 53 மீட்டர் உயரமுள்ளது. இதில் வேறு அலங்காரம் அநேகமாக இல்லை. கட்டுவித்தவர் பெயரும் ஆண்டும் கூஃபி எழுத்தில், கீழே ஒரு வரிசையிலும் கூரைக்கடியில் ஒரு வரிசையிலுமாக இருமுறை வருகின்றன. பூவேலை சேர்க்காத, நிமிர்ந்த எழுத்து. சுற்றிலும் வெறுஞ்சுவராக விட்டதாலேயே எழுத்து எடுப்பாகத் தெரிகிறது.

இரண்டாவது, கெய்ரோவின் அல்-அக்மர் பள்ளிவாசல். கட்டிய ஆண்டு ஹிஜ்ரி 519 (கி.பி. 1125). உள்ளே தொழுமிடம் கிப்லாவை நோக்க, முகப்பு மட்டும் தெருவின் போக்குக்கு இணங்கத் திரும்பியிருக்கிறது. அந்தக் கல் முகப்பின் உச்சியில் எழுத்து வரிசை நெடுக ஓடுகிறது. தெருவில் நடப்பவரை நோக்கியே முகப்பை அமைத்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, நாம் நன்கறிந்த தாஜ்மஹால். அதன் எழுத்துகளை வரைந்தவர் ஷீராஸிலிருந்து வந்த அமானத் கான். பெரிய வாயிலைச் சுற்றித் திருக்குர்ஆனின் 'அல்-ஃபஜ்ர்' அத்தியாயம், வெள்ளைப் பளிங்கில் கருங்கல் பதித்து எழுதப்பட்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் அடி முதல் முடி வரை எழுத்து ஒரே அளவாகத் தோன்றும். உண்மையில், மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

காரணம் எளிய கணக்குத்தான். சுவரிலிருந்து 30 அடி தள்ளி நிற்கிறோம் என்று கொள்வோம். நம் கண் மட்டத்துக்கு 30 அடி மேலே உள்ள எழுத்து, கண் மட்டத்திலுள்ள அதே அளவு எழுத்தின் பாதி உயரமாகவே தோன்றும். தூரமும் அதிகம், எழுத்தைச் சாய்வாகவும் பார்க்கிறோம். எனவே மேலே இருப்பதை இரு மடங்கு உயரமாக எழுதினால்தான் இரண்டும் சமமாகத் தெரியும்.

நம் எழுத்துகளுக்குத் தனிக் கவனமும் தேவை. அரபியில் பே, தே, ஸே மூன்றுக்கும் உடல் ஒன்றே, நுக்தாவினால்தான் பேதம். தமிழில் புள்ளி மறைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். ஆகவே தூரத்தில் முதலில் அழியும் புள்ளியைச் சற்றுப் பெரிதாகவே வைக்க வேண்டும். மேலே புள்ளிக்கும் விசிறிக்கும், கீழே உகரச் சுழிக்கும் இடம் விட வேண்டும்.

இனி, நிர்வாகக் குழுவினர் செய்யத்தக்கவை மூன்று. வரைபடம் போடும்போதே எழுத்துக்குரிய இடத்தைக் குறித்துவிடுங்கள். சொற்களைக் குறையுங்கள், கட்டடத்தின் பெயரும் ஆண்டும் முகப்புக்குப் போதும், நன்கொடையாளர் பட்டியல் உள்ளே கல்வெட்டில் இருக்கட்டும். முடிவு செய்யுமுன், அதே அளவில் தாளில் எழுதி உரிய உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, வயதான ஒருவரைச் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தை மாற்றுங்கள்.

இதற்கு ஆகும் செலவு ஒரு சுருள் தாள். கட்டியவர்கள் மறைந்த பிறகும், இக்கட்டடம் இன்னது, இன்ன ஆண்டில் எழுந்தது என்று நம் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவது அந்தச் சுவர்தான். அது தெளிவாகச் சொல்லட்டும்.