சருகில் முளைக்கும் சிறுகுடை

மழை பெய்த மறுநாள், பாகான் செராய் வட்டாரப் பால்மரக் காட்டில் சருகைக் கிளறினால் மராஸ்மியஸ் காளான் கண்ணில் படலாம். குடை சட்டைப் பொத்தான் அளவுதான்; அதில் விசிறி மடிப்புப் போன்ற வரிகள். காம்பு பெரும்பாலும் கறுத்து, குதிரைமயிர்போல் மெலிந்து விறைப்பாக இருக்கும். அடியில் செவுள்கள் சிலவே, தள்ளித் தள்ளி நிற்கும்.

மைசீனா காளானும் இப்படிச் சிறியதே. ஆனால் அதன் காம்பு எளிதில் ஒடியும், காய்ந்தால் மீளாது. காய்ந்த மராஸ்மியஸை நீரில் போடுங்கள், மீண்டும் விரியும்! 1830களில் சுவீடன் அறிஞர் எலியாஸ் ஃபிரீஸ் இப்பேரினத்தைப் பிரிக்க இந்தப் பண்பையே பெரிதும் நம்பினார். கிரினிப்பெல்லிஸும் இவ்வாறு விரியும் என்பதால் இது மட்டும் போதாது. அதன் குடையில் மயிரிழைகள் உண்டு, லென்ஸில் பாருங்கள்.

எந்த மரத்தின் இலையில் முளைத்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இனப்பெயரை உறுதிசெய்ய நுண்ணோக்கி வேண்டும். வாயில் வைக்க வேண்டாம். தொட்டபின் கை கழுவுங்கள்.