காக்கிச் சட்டைக்குள் ஒரு மனசு

ஐதராபாத் நகரில் சைனிக்புரி என்று ஒரு பகுதி இருக்கிறது. 'சைனிக்' என்றால் படைவீரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக உருவான குடியிருப்பு அது.

அதே நகரின் இன்னொரு பக்கம் சிவராம்பள்ளி இருக்கிறது. அங்கே உருவாகிறவர்கள் போலீஸ் அதிகாரிகள். சர்தார் வல்லபாய் படேல் தேசிய போலீஸ் அகாடமி அங்கேதான் உள்ளது. இது 1948-ல் அபு மலையில் தொடங்கியது. 1975-ல் ஐதராபாத்துக்கு வந்தது. ஐ.பி.எஸ். தேர்வில் வென்றவர்கள் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர்களுக்கு நம் மாநிலத்திலேயே பயிற்சி உண்டு. சென்னை வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் அது நடக்கிறது. காவலர்களுக்குப் பல ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன.

உடம்பு வலி, மனசு வலி

பொழுது விடியும் முன்பே எழ வேண்டும். ஓட வேண்டும். கவாத்துப் பழக வேண்டும். துப்பாக்கி சுடப் பழக வேண்டும். பிறகு சட்டப் பாடம் படிக்க வேண்டும். உடம்பு வலிக்கும். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும்.

மனசு அவ்வளவு சீக்கிரம் பழகாது. வீட்டு நினைவு வரும். கவாத்தில் ஒருவர் கால் மாற்றி வைத்தால் எல்லார் முன்னாலும் திட்டு விழும். ஊரில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர் இங்கே கடைசி ஆளாக ஓடுவார். வெட்கம் பிடுங்கித் தின்னும். 'நான் இதற்குத் தகுதி இல்லையோ?' என்று தோன்றும்.

வேலையிலும் கடினமான காட்சிகள் வரும். விபத்தில் இறந்தவரின் உடலைப் பார்க்க வேண்டும். அழுகிற தாயிடம் விசாரிக்க வேண்டும். அன்று இரவு தூக்கம் வராது.

வீட்டுக்குப் போன் செய்யும்போது பிள்ளை என்ன சொல்கிறது? "அம்மா, நான் நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். போலீஸ் அழக்கூடாது என்று நினைத்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

கண்டிப்பு எதற்கு?

கூட்டம் கல் எறியும். கெட்ட வார்த்தை பேசும். அப்போது போலீஸ் கையில் தடி இருக்கும், துப்பாக்கியும் இருக்கும். அந்த நேரத்தில் நிதானம் தவறினால் உயிர் போகும். அதனால்தான் பயிற்சியில் கண்டிப்பு.

ஆனால் கண்டிப்பு வேறு, அவமானம் வேறு. கண்டிப்பு தவறைத் திருத்தும். அவமானம் கோபத்தை வளர்க்கும். அடக்கி வைத்த கோபம் எங்கே போகும்? பெரிய அதிகாரியிடம் காட்ட முடியாது. எளிய மனிதர் மேல்தான் பாயும். 2020-ல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அதிகாரம் உள்ள கை வரம்பு மீறினால் என்ன ஆகும் என்று நாடே பார்த்தது.

கோபத்தை அடக்குவது மட்டும் போதாது. அதைப் புரிந்துகொண்டு ஆற்றவும் தெரிய வேண்டும். அதுவும் பயிற்சிதான்.

மாற்றம் வருகிறது

தமிழ்நாட்டில் காவலர்களுக்கு மனநலப் பயிற்சி தரப்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கு உதவியது. 2021-ல் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று அரசு உத்தரவிட்டது. ஓய்வு கிடைத்தால் மனசு தெளியும்.

கூடப் பயிற்சி பெறுகிறவர் பெரிய துணை. ஓட்டத்தில் பின்தங்கியவரோடு ஒருவர் சேர்ந்து ஓடினால் போதும். பாதி பாரம் இறங்கிவிடும்.

நாம் செய்யக்கூடியது

பயிற்சியில் இருக்கும் பிள்ளையிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம். "மனசு எப்படி இருக்கு?" என்றும் கேட்போம். அழுதால் "ஆம்பிளை அழலாமா?", "போலீஸ்காரி அழலாமா?" என்று சொல்ல வேண்டாம். சொல்லி முடிக்கும்வரை கேட்போம்.

துக்கம் பல நாள் தீரவில்லையா? தூக்கம் இல்லையா? வாழவே பிடிக்கவில்லை என்று சொல்கிறாரா? உடனே உதவி தேட வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

தன் வலியைச் சொல்லத் தெரிந்தவருக்கு அடுத்தவர் வலியும் புரியும். அப்படிப்பட்ட போலீஸ்தானே நமக்கு வேண்டும்?

கூடிப் பேசுவோம்

1. கண்டிப்புக்கும் அவமானத்துக்கும் என்ன வேறுபாடு? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.
2. காவல் நிலையத்துக்குப் போனால் உங்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?
3. வெளியூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஐந்து வரியில் கடிதம் எழுதுங்கள்.