மனநோயாளியின் வாய்த் தூய்மை யார் பொறுப்பு?

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது சாய்ந்திருந்தார்கள். அப்போது அன்னையாரின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வந்தார்கள். அண்ணலாரின் பார்வை அதன்மீது சென்றது. குறிப்பறிந்த அன்னையார், அதை வாங்கித் தரட்டுமா என்று கேட்க, அண்ணலார் தலையசைத்தார்கள். குச்சி கடினமாக இருந்ததால், அன்னையார் அதை மென்மையாக்கிக் கொடுத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணப்படும் செய்தி இது.

மிஸ்வாக்கின் சிறப்புக்குச் சான்றாக இதை அடிக்கடி கேட்கிறோம். இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. நோயாளி வாய்விட்டுக் கேட்க இயலாதபோது, அருகிலிருப்பவர் குறிப்பறிந்து உதவவேண்டும்.

இவ்வுதவி பெரிதும் தேவைப்படுவோர் கடும் மனநோயால் வாடும் நம் சகோதர சகோதரிகள். அவர்களிடையே பற்களை முழுவதும் இழந்தோர் மற்றவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு என, 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டுகிறது.

காரணம் சோம்பல் அன்று. எதிலும் மனம் ஒட்டாமை இந்நோயின் ஒரு கூறு. மனநோய் மருந்துகள் பல வாயை உலரச் செய்யும். உமிழ்நீர் பல்லுக்கு இயற்கைக் காவல். அது குறைந்தால் சொத்தை விரைந்து பரவும். வறட்சி தீர இனிப்புத் தேநீரை அடிக்கடி பருகுவதும், புகையிலையும் கேட்டை வளர்க்கும்.

இன்னொரு தவறும் நிகழ்கிறது. நோயாளி உண்ண மறுக்கிறார், தாடையில் அறைந்துகொள்கிறார், இரவெல்லாம் புலம்புகிறார். வீட்டார் 'பைத்தியம் முற்றிவிட்டது' என்கின்றனர். அவர் வாயைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? அது பல்வலியாகவும் இருக்கலாமல்லவா?

புத்தி பேதலித்தவர் தெளிவடையும்வரை அவர்மீது கடமை எழுதப்படுவதில்லை என்பது ஹதீஸின் கருத்து. மனநோயாளிகள் யாவரும் அந்நிலையினர் அல்லர். சிகிச்சை பெற்று, தெளிவுடன் ஐவேளை தொழுவோர் பலர். தெளிவிழந்தவர்மீது கடமை நீங்கினாலும், அவரைப் பராமரிக்கும் நம் பொறுப்பு நீங்குவதில்லை.

செய்யவேண்டியவை இவை:

1. அதட்டாதீர்கள். நீங்கள் உளூச் செய்யும் வேளையில் அவரையும் அழைத்து, அருகில் நின்று பல் துலக்குங்கள். பார்த்துச் செய்வது அவருக்கு எளிது.

2. காலையிலும், இரவு உறங்குமுன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் மென்மையாகத் துலக்கச் செய்யுங்கள். பல்லின் அழுக்கை நீக்கும் சொரசொரப்பான எப்பொருளாலும் மிஸ்வாக்கின் சுன்னத் நிறைவேறும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். எனவே பிரஷ்ஷும் தக்கதே.

3. அடிக்கடி சிறிது தண்ணீர் கொடுங்கள்; சர்க்கரையைக் குறையுங்கள்.

4. பல் மருத்துவரிடம் அவர் உண்ணும் மருந்துகளைக் கூறுங்கள். வாய் உலர்கிறதென்று மனநோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு நாளில் பலன் தெரியாது. இன்று வாயைக் கொப்பளித்தால் அதுவும் நன்மையே. நாளை பிரஷ்ஷைப் பிடிப்பார், இன்ஷா அல்லாஹ். குச்சியை மென்மையாக்கிக் கொடுத்த அன்னையாரின் பரிவை வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களிலும் விதைப்பானாக! ஆமீன்.